வலி அறியாத குழாய்



இந்த வாரம் ஒரு ரம்பத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. போதகனுக்கு ரம்பம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் ஆண்டவர் தச்சருடைய வீட்டில் வளர்ந்தவர் என்பதை நினைத்து அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

தை மாதத்தின் கடைசி வாரம். கொல்லிமலையில் மிளகு பறித்து உலர்த்தும் காலம். எங்கள் வீட்டு முற்றத்திலும் நான்கைந்து பாய்களில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை பிற்பகல், மறுநாள் செய்திக்கான குறிப்புகளோடு திண்ணையில் அமர்ந்திருந்தேன். நம் சபையின் வாலிபர் ஒருவர், கோயம்புத்தூரில் ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை செய்து மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர், கறுப்பு நிறப் பொருளொன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "ஐயா, ஆக்ஸா பிளேடு இருக்குங்களா?" என்று கேட்டார். (இதை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.)

அது அவருடைய மிதிவண்டிக்கான புதிய ஃபோர்க். முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு கால்களும், அவற்றிலிருந்து மேலே எழுந்து ஹேண்டில்பாரைத் தாங்கும் ஒரு குழாயும் சேர்ந்தது. புதிதாக வரும்போது அந்தக் குழாய் வேண்டுமென்றே நீளமாக விடப்பட்டிருக்கும். ஓட்டுகிறவருடைய உயரத்துக்கும் வண்டியின் அமைப்புக்கும் ஏற்ப அதை அளந்து அறுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு 4 சென்டிமீட்டர் குறைய வேண்டியிருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு சுரைக்காயின் கனம்கூட இல்லை. "பிளாஸ்டிக்கா தம்பி?" என்றேன். சிரித்துவிட்டு, "கார்பன் ஐயா" என்றார்.

கார்பன் இழை என்பது இன்னதென்று அன்று இரவுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒருவகைச் செயற்கை நூலைக் காற்றுப்படாமல் 1,000 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால், மற்றவை நீங்கிக் கரி மட்டும் இழையாக நிற்கிறது. ஓர் இழையின் தடிமன் 5 முதல் 10 மைக்ரான். நம் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான். அத்தகைய ஆயிரமாயிரம் இழைகளை அடுக்கடுக்காக வைத்து எப்பாக்சிப் பிசினால் இறுக்கிக் குழாயாக்குகிறார்கள். அதே அளவுள்ள எஃகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இதன் எடை. இழை ஓடும் திசையில் இழுத்தால் எஃகுக்குச் சளைக்காது. கரியிலிருந்து இப்படி ஒன்றை எடுக்க மனுஷனுக்கு அறிவைத் தந்த தேவனை அன்று நான் துதித்தேன். ஆனால் துதிப்பதற்கு முன் செய்த மூடத்தனத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டு ஆக்ஸா பிளேடு பலாக்கிளையும் இரும்புக் கம்பியும் மாறிமாறி அறுத்துப் பல் மழுங்கிப்போனது. அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். குழாயைத் திண்ணைத் தூணில் சாய்த்து ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். நான்கு இழுப்பு இழுத்திருப்பார். மரத்தை அறுக்கும் ஓசையும் இல்லை, இரும்பை அறுக்கும் ஓசையும் இல்லை; பழைய துணியைக் கிழிப்பதுபோல் ஓர் ஓசை. கருந்தூள் பறந்தது. வெட்டின் ஓரத்தில் இழைகள் துடைப்பக்குச்சிகளைப்போலப் பிரிந்து நின்றன. என் முன்கை அரிக்கத் தொடங்கியது, தொண்டை காறியது. மழுங்கின இரும்பின் வாயைத் தீட்டாதவன் அதிக பலத்தைச் செலவிட வேண்டிவரும் என்ற கருத்தைப் பிரசங்கி 10-ஆம் அதிகாரத்திலிருந்து எத்தனையோ முறை எடுத்துப் பேசியிருக்கிறேன். அந்தப் பிளேடு மட்டும் என் பிரசங்கத்தைக் கேட்கவில்லை.

அப்போது என் மனைவி வெளியே வந்து, "மிளகு மேல என்ன பறக்குது?" என்று கேட்டாள்.

காற்று பாய்களின் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. கறுத்த மிளகின்மேல் கருந்தூள் விழுந்தால் கண்ணுக்குத் தெரியுமா? எது மிளகு, எது தூள் என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. தூணுக்கு அருகிலிருந்த பாயில் ஏறத்தாழ மூன்று கிலோ இருந்திருக்கும். அத்தனையையும் அப்புறப்படுத்தினோம். கழுவி வைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். "யாரோ ஒருத்தங்க ரசத்துல போடுவாங்க" என்றாள். அதற்குமேல் நான் பேசவில்லை.

நல்ல வேளையாக, அந்தத் தம்பி முதல் வெட்டைச் சரியான கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வைத்திருந்தார். ஆகவே கெட்டது கழிவுப்பகுதிதான். கோயம்புத்தூரில் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு மூத்த மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். அவர் முதலில் நன்றாகத் திட்டினாராம். பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாராம். அடுத்த மாதம் வந்தபோது தேவையானவற்றையெல்லாம் வாங்கி வந்திருந்தார். இந்த முறை முற்றத்தில் மிளகு இல்லை.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இந்த மலையிலும் இப்போது இத்தகைய வண்டிகள் வரத் தொடங்கியிருக்கின்றன, யாருக்காவது பயன்படும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகத்தையும் வளையங்களையும் வண்டியில் பொருத்திப் பார்த்து, அவற்றின் மேல்விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே கோடு போட்டார். ஒருமுறை அல்ல, கழற்றி மாட்டி மூன்றுமுறை அளந்தார். கோட்டின்மேல் மாஸ்கிங் டேப்பை இறுக்கிச் சுற்றினார். இழைகள் பிரியாமல் அது பிடித்துக்கொள்ளும். குழாயை நேரடியாக வைஸில் நெரிக்காமல், ரம்பத்துக்கு நேர்வழி காட்டும் பிளவுள்ள ஒரு பிடிப்பானில் வைத்தார். பிளேடு புதியது, அங்குலத்துக்கு 32 பல். நான் ஒரு துணியால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தேன். தூள் பறக்கவில்லை, சேறாக வழிந்தது. இருவரும் மூக்கையும் வாயையும் இறுக மூடும் என்-95 முகக்கவசம் அணிந்திருந்தோம், கண்ணாடியும் கையுறையும்கூட. அழுத்தம் இல்லாமல் நீண்ட இழுப்புகள். ஒரே பக்கமாக முடிவுவரை அறுக்காமல், குழாயைச் சற்றுச் சற்றுத் திருப்பி அறுத்தார். அப்படிச் செய்தால்தான் கடைசி இழைகள் பிய்ந்து வராது. பிறகு நனைத்த உப்புத்தாளால் விளிம்பை வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்த்து, வெட்டுவாயில் மெல்லிய பசையைத் தடவி அடைத்தார். தரையைப் பெருக்கவில்லை, ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். அந்தத் தூளில் மின்சாரம் பாயுமாம். இயந்திரங்களின் அருகே பறக்கவிட்டால் அவற்றையும் கெடுக்குமாம். அன்று உடுத்தியிருந்த துணிகளைத் தனியாகத் துவைத்தோம்.

நாற்பது நிமிடங்கள் ஆயின. முதல் நாளில் நாலு நிமிடத்தில் முடிக்கப் பார்த்த வேலை அது.

இவ்வளவு தொல்லை இருந்தால் கடைக்குக் கொண்டுபோவதுதானே என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லுகிறவர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. மலையிலிருந்து இறங்கி, இதை அறிந்த கை இருக்கும் சேலத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். அதைவிட, நம்முடைய பொருளை நம் கையால் செப்பனிடுவது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. மோட்டார்ச் சாலை இல்லாத காலத்தில் இங்கே ஏறிவந்த ஜெஸ்ஸி பிராண்ட் பிரசங்கம் மட்டும் செய்யவில்லை. தம் கையால் வீடு கட்டினார், மருத்துவம் பார்த்தார், மலைப் பிள்ளைகளுக்குத் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார். 1929-இல் காய்ச்சலில் மரித்து இந்த மண்ணிலேயே அடக்கம்பண்ணப்பட்டார். சுவிசேஷமும் உளியும் ஒரே வீட்டில் இருந்த ஊர் இது. ஆகவே வீட்டில் அறுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதை அறுக்கிறோம் என்று தெரியாமல் அறுக்காதே என்றுதான் சொல்வேன்.

கார்பனிடத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் காரியம், அது முறையிடாது என்பதே. இரும்புக் குழாய் ஒரு குழியில் விழுந்தால் வளையும். வளைந்ததைப் பார்த்து நாம் வண்டியை ஓரம் கட்டுவோம். கார்பன் வளைந்து காட்டாது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தாலும் மேலே பளபளப்பாகவே நிற்கும், ஒருநாள் திடீரென்று முறியும். (உலோகமெல்லாம் உத்தமம் என்றும் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டு பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்காப்பி என்ற புகழ்பெற்ற வீரருக்குக் கையில் ஹேண்டில்பார் தனியே வந்துவிட்டது. முறிந்தது அலுமினியக் குழாய்.) அனுபவமுள்ளவர்கள் ஒரு நாணயத்தால் கார்பனைத் தட்டிப் பார்க்கிறார்கள். கணீரென்று ஒலித்தால் சரி. மந்தமாக ஒலித்தால் உள்ளே பிளவு என்று சந்தேகிக்க வேண்டும். பலாவைத் தட்டிப் பதம் பார்க்கிற நமக்கு இது எளிதில் விளங்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு ஜெஸ்ஸி பிராண்டின் மகன் நினைவுக்கு வந்தார். பால் பிராண்ட் 1914-இல் இதே கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் கல்விக்குப் பின் சில ஆண்டுகள் கட்டட வேலை பயின்றார்; பிறகுதான் மருத்துவம் படித்தார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். அந்நாளில் பலரும் அந்நோய் விரல்களைத் தானாக அழுகச் செய்கிறது என்று எண்ணியிருந்தார்கள். அவரோ, நோய் நரம்பைத்தான் கொல்லுகிறது, வலி தெரியாதபடியால் மனிதர் தம்மையறியாமல் காயப்பட்டுக் காயப்பட்டு விரலை இழக்கிறார்கள் என்று கண்டார். துருப்பிடித்த ஒரு பூட்டை அவரால் திறக்க முடியாதபோது, நோயுற்ற ஒரு மெலிந்த சிறுவன் சாவியைத் தன் விரல்களால் எளிதாகத் திருகித் திறந்துவிட்டானாம். பார்த்தால் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை. அவனுக்கு மற்றவர்களைவிடப் பலம் அதிகம் இருக்கவில்லை. போதும், நிறுத்து என்று சொல்லும் வலிதான் இல்லை.

நோயுற்றோரைப் பொருளோடு ஒப்பிட நான் இதை எழுதவில்லை. வலியை அவர் ஈவாகக் கண்டார் என்பதற்காக எழுதுகிறேன். வலி சொல்லாத இடத்தில் வேறொருவர் கவனித்துச் சொல்ல வேண்டும். வேலூரில் அவர் தம் நோயாளிகளுக்கு அதைத்தான் பழக்கினார்: மாலையில் கையையும் காலையும் கண்ணால் சோதித்துப் பார்க்கும்படி. கார்பனை அறுக்கிறவனும் அதற்கு நரம்பாக இருக்க வேண்டியவன். திருகை எவ்வளவு முறுக்கலாம் என்று கைப்பழக்கத்தால் தீர்மானிக்கக் கூடாது. பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவு அந்தப் பாகத்திலேயே அச்சிட்டிருக்கும். அதை அளந்து முறுக்குவதற்கென்றே ஸ்பேனர் இருக்கிறது.

அறுத்து முடித்த மகிழ்ச்சியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "பழைய ஃபோர்க் என்ன ஆச்சு தம்பி?" என்று யதார்த்தமாகக் கேட்டேன். அவர் முகம் மாறியது.

பழையதும் கார்பன்தான். ஓராண்டுக்கு முன் கோயம்புத்தூரில் தம் அறையில் அவரே அறுத்தது. அன்று தண்ணீர்க் குழாய் வெட்டும் பைப் கட்டரைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தச் சக்கரம் சுற்றிச் சுற்றி நெரித்து வெட்டும். உலோகம் தாங்கும், கார்பனின் அடுக்குகள் நொறுங்கும். சில மாதங்களுக்குப் பிறகு கழற்றிப் பார்த்தபோது வெட்டுவாயிலிருந்து கீழ்நோக்கி மயிரிழைபோல் ஒரு விரிசல், ஹேண்டில்பாரின் பிடி இறுக்கும் அதே இடத்தில். அதனால்தான் புதியது வாங்கினார். பழையதை இராசிபுரத்துப் பக்கம் ஒருவர் 4,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். "வந்து பாத்துட்டுத்தானே வாங்கறாருங்க. நான் எதையும் மறைக்கல" என்றார். வளையங்களை மாட்டிவைத்தால் அந்த விரிசல் தெரியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் அப்போது தெரிந்துவிட்டது.

காரவள்ளியிலிருந்து நம் மலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் வாலிபர்கள் மிதிவண்டியில் ஏறி வருகிறார்கள். ஏறும்போது கால்தான் வலிக்கும். இறங்கும்போது உடலின் பாரம் முழுவதும் கைகளின் வழியாக அந்த ஒரு குழாயில் இறங்குகிறது, வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கப் பிடிக்க. அது எந்த வளைவில் முறியும் என்று யாரும் குறித்துத் தரமாட்டார்கள்.

உபாகமம் 22:8-ஐ அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். புதுவீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்ற கட்டளை அது. அந்நாட்டு வீடுகளின் மெத்தை தட்டையானது. நாம் முற்றத்தில் மிளகு காயவைப்பதுபோல ராகாப் அங்கே சணல் தட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள். மனிதர் நடமாடும் இடம். ஒருவன் விழுந்துவிட்டால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது வேதம். விழுந்தவன் பார்த்து நடந்திருக்க வேண்டாமா என்று அது கேட்கவில்லை. கட்டினவனைத்தான் கேட்கிறது. அறுத்தவனையும் அப்படித்தான் கேட்கும் என்று நான் நினைக்கிறேன். வாங்குகிறவன் பார்த்துத்தானே வாங்கினான் என்ற வாதம் சந்தையில் செல்லும். அந்த வசனத்தின் முன் செல்லாது.

"ஜெபம்பண்ணி வித்தா கர்த்தர் பாத்துக்கமாட்டாரா ஐயா?" என்று அவர் கேட்டது விளையாட்டாகத்தான். இருந்தாலும் நம்மில் பலர் விளையாட்டில்லாமலே அப்படி வாழ்கிறோம். தேய்ந்த டயரோடு ஜெபித்துவிட்டு மலை இறங்குகிற வேன்களில் நானும் ஏறியிருக்கிறேன். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தப்பட்டபோது நம் ஆண்டவர் குதிக்கவில்லை. தூதர்கள் தாங்கமாட்டார்கள் என்ற ஐயத்தால் அல்ல. பிதாவைச் சோதித்துப் பார்ப்பது பிள்ளைக்கு அடுத்தது அல்ல என்பதால். நம்முடைய வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு அதைத் தேவனுடைய கணக்கில் எழுதுவதை விசுவாசம் என்று நான் ஏற்கமாட்டேன், அது எந்தச் சபையில் பிரசங்கிக்கப்பட்டாலும்.

அந்த மாலையே அவர் இராசிபுரத்து நண்பரை அழைத்து விரிசலைச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். நன்றி சொல்லிவிட்டு அவர் விலகுவார் என்று எதிர்பார்த்தோம். மறுமுனையிலிருந்து வந்த பதில் வேறு: "பரவால்ல, பாதி விலைக்குக் குடுங்க, நான் பசை போட்டு ஒட்டிக்கறேன்." தம்பி என் முகத்தைப் பார்த்தார். இப்போது எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, வாங்குகிறவர் அறிந்தே கேட்கிறார், 2,000 ரூபாய். மனச்சாட்சிக்கு இதற்குமேல் என்ன குறை? நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் என்ன சொல்வதென்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரியவில்லை.

"இல்லீங்கண்ணா, குடுக்கல" என்று அவரே சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்து, பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, பழைய ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். மறுபடியும் முகக்கவசம், கையுறை, சொட்டும் தண்ணீர். குழாயை விரிசலின் குறுக்காக இரண்டாக அறுத்தார். பிறகு கால்கள் இரண்டையும் அறுத்தார், யாரும் எடுத்து ஒட்டிப் பார்க்க இடமில்லாதபடி. வெட்டுவாயை எனக்குக் காட்டினார். வெளியே மயிரிழையாகத் தெரிந்தது, உள்ளே நகக்கண் அகலத்துக்கு அடுக்குகள் பிரிந்து நின்றன. அதில்தான் அவர் மூன்று மாதங்கள் இந்த மலையை ஏறி இறங்கியிருக்கிறார்.

துண்டுகளையும் துடைத்த ஈரத்துணியையும் ஒரு சாக்குப்பையில் போட்டுக் கட்டினோம். எரித்தால் பிசின் நச்சுப்புகையாகும், இழை காற்றில் பறக்கும், புதைத்தால் மக்காது. இதை எடுத்துக்கொள்ளும் இடம் மலையில் எதுவும் இல்லை. கோயம்புத்தூரில் விசாரித்துச் சொல்வதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். அதுவரை பை எங்கள் வீட்டுக்குப் பின்னால், விறகுக்கு எட்டாத இடத்தில் தொங்குகிறது. அடுப்பு மூட்ட யாரும் அதை எடுத்துவிடக் கூடாதென்று என் மனைவி அதன்மேல் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டுவைத்திருக்கிறாள்.